நுளம்புக்கும் ஒரு கவி

பூச்சி என்ற சொல் எங்கள் வீடுகளில் தனியாக வருவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு செருப்போ தும்புத்தடியோ கட்டாயம் வரும். "உம்மா, பூச்சி!" என்று பிள்ளை கத்தும், "அடி மனே!" என்று உம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பா. அது என்ன பூச்சி, எங்கே போகிறது, அதன் வாயில் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அடித்து முடித்த பிறகு கேட்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருப்பதுமில்லை.

அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில் 25 வருடங்களுக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பித்து வருபவன் நான். பாடசாலை விட்ட பிறகு கொஞ்சம் கவிதையும் எழுதுவேன். நீண்ட காலம் இந்த இரண்டும் முகம் பார்த்துப் பேசாத அயலவர்களைப் போல என்னிடம் இருந்தன. அவற்றைப் பேச வைத்தவை பூச்சிகள்தான். பிள்ளைகளுக்காகப் பூச்சிகளைப் பற்றி நான் கட்டிய சிரிப்புக் கவிகள் இப்போது ஒரு நூறு அளவில் இருக்கும். அவை எந்தத் தொகுப்பிலும் இல்லை. அப்பியாசக் கொப்பிகளின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. "உங்களுக்கு என்ன, இந்த வயதில் கரப்பொத்தானுக்குப் பாட்டு?" என்று இலக்கிய நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகம் பூச்சிகளைப் பற்றி நல்ல விடயங்களைத்தான் சொல்கிறது. கால்கள் 6. உடல் 3 பகுதிகள்: தலை, நெஞ்சு, வயிறு. ஒரு சோடி உணர்கொம்பு. பிள்ளைகள் இதை மனனம் செய்து புள்ளியும் எடுத்து விடுவார்கள். ஆனால் அதே நேரத்தில் மேசைமேல் ஊர்ந்து போகும் எறும்புக்கும் அந்த 6 காலுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றாது. சிலந்தியைக் காட்டி "இது பூச்சியா?" என்று கேட்டால், காலை எண்ணிப் பார்க்காமலே "ஓம் சேர்" என்பார்கள். எட்டுக் கால்கள் அவர்கள் கண்முன்னே நடந்து போகும்.

ஒரு நாள் கரும்பலகையில் 'ஆத்திரப்போடா' என்று எழுதினேன். பூச்சிகளும் சிலந்தியும் நண்டும் அடங்குகின்ற பெருங்கூட்டத்தின் பெயர் அது. பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆருக்கு சேர் ஆத்திரம்?" வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தத் தவணைப் பரீட்சையில் வேறு எந்தப் பெயரை மறந்தவர்களும் அந்தப் பெயரை மறக்கவில்லை. சிரித்த சொல் மனதில் தங்கி விடுகிறது என்பதை அன்று பார்த்தேன்.

எங்கள் பகுதிக்கு இது புதிய சங்கதி அல்ல. கிழக்கிலே கவி என்றால் மேடையில் நின்று வாசிப்பது மட்டுமல்ல. வயலில் இராக் காவல் இருந்தவர்கள் சொன்ன கவி, மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் சீண்டிய கவி, பெண்கள் பாய் இழைத்துக்கொண்டே சொன்ன கவி என்று எங்கள் முன்னோர்களின் வாயில் நான்கு வரிகள் எப்போதும் தயாராக இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் கேலிதான். என் மூத்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவ. ஆனால் அளந்து கொட்டுகிற கடைக்காரர் முதல் பால் திருடிய பூனை வரை எல்லாருக்கும் அவவிடம் ஒரு கவி இருந்தது. "முதல்ல நல்லாப் பார்க்கணும் மனே, பிறகுதான் வாயைத் திறக்கணும்" என்று சொல்லுவா. பூனை எந்தக் காலை முதலில் தூக்கி உறிக்குத் தாவியது என்பது கூட அந்தக் கவியில் இருக்கும். அந்த வழியைத்தான் நான் வகுப்பறைக்குள் கொண்டு போனேன்.

முதலில் எடுத்தது நுளம்பை. அதை அறியாத பிள்ளை எங்கள் கரையோரத்தில் இல்லை.

வாப்பா நுளம்பு பூந்தேன் குடிக்கும்,
வம்பு தும்புக்கு வராமல் இருக்கும்;
உம்மா நுளம்போ ஊசியோட வருவா,
'முட்டைக்குச் சத்து, ஒருசொட்டுத் தா' என்பா.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து விட்டது. பையன்கள் மேசையில் தட்டி, "கடிக்கிறதெல்லாம் பொம்புளதான்!" என்று கூச்சல் போட்டார்கள். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சேர், உம்மா நுளம்பு கடிக்கிறது தன்ட வயித்துக்கா? பிள்ளைக்குத்தானே? வாப்பா நுளம்பு பூவில குந்திக்கிட்டு என்ன செய்யுது?" என்று கேட்டாள். பையன்கள் அடங்கினார்கள். பெண் நுளம்புக்கு இரத்தம் தேவைப்படுவது முட்டையை விருத்தி செய்வதற்கு. அந்தப் புரதம் பூந்தேனில் இல்லை. ஆண் நுளம்பு இரத்தம் குடிப்பதே இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்து போயிருக்கக்கூடிய செய்திக்காக வகுப்பில் கால் மணித்தியாலம் வழக்கு நடந்தது.

வழக்கு அங்கே முடியவில்லை. ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டார்கள். ஆணின் உணர்கொம்பு இறகு போலச் சடைத்திருக்கும். பெண்ணினது மெல்லிய மயிர்களோடு ஒடுங்கியிருக்கும் என்றேன். மறுநாள் ஒருவன் நெருப்புப் பெட்டிக்குள் பதினொரு நுளம்புகளோடு வந்தான். கைவில்லையை ஒருவர் மாறி ஒருவர் வாங்கி, மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். பதினொன்றில் ஒன்றுதான் வாப்பா. "பாவம் சேர், இது ஒன்டும் செய்யல்ல" என்றான் கொண்டு வந்தவன். அவன் ஒரு நுளம்பைக் குற்றமற்றது என்று சொல்லியதை நான் பெரிய விடயமாக எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்வதற்கு அவன் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிரிப்பின் வேலை எனக்கு விளங்கியது. அருவருப்பும் பயமும் கையை உடனே ஓங்க வைக்கின்றன. சிரிக்கிறவனின் கை கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில்தான் பார்வை நுழைய முடியும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டு மூன்று நொடிகள்தான்.

அதனால் சில கட்டுப்பாடுகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். கவியில் உள்ள சிரிப்பு உண்மையிலிருந்து வர வேண்டும். இல்லாததைச் சேர்த்துச் சிரிக்க வைக்கக் கூடாது. நான்கு வரிக்குள் பிள்ளை தானே போய்ப் பரிசோதிக்கக்கூடிய ஒரு தகவலாவது இருக்க வேண்டும். கடைசியாக, கேலி பூச்சிமேல் விழக் கூடாது. விழுந்தால் எங்கள்மேல்தான் விழ வேண்டும். இந்த மூன்றாவதைப் பின்பற்றுவது மிகவும் சுலபமாக இருந்தது. நாங்கள் அதற்கு வேண்டிய அளவு விடயம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

குளமும் வேணாம், ஆறும் வேணாம்,
குடியிருக்க ஒரு யோகட் கப் போதும்;
வாடகை கேட்க ஆளே இல்லை,
வளவுக் காரருக்கு வேறே வேலை.

இதைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகள் வளவுகளுக்குள் இறங்கினார்கள். சிரட்டை, டயர், பீலி, பூச்சாடித் தட்டு, மையவாடி மதிலோரத்துப் பிளாஸ்டிக் போத்தல் எல்லாவற்றிலும் குடம்பி கிடந்தது. நுளம்புக் குடம்பி தலைகீழாகத் தொங்கி, வாற்பக்கத்துக் குழாயால் சுவாசிப்பதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியவை. மழைத் தண்ணீர் மறுபடி தொட்டதும் பொரித்து, ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகிப் பறந்து விடும். ஆகவே தண்ணீரை ஊற்றி விட்டால் மட்டும் போதாது, ஓரத்தை உரஞ்சிக் கழுவவும் வேண்டும். சுவரொட்டியில் எழுதி வைத்தால் யாரும் வாசிக்காத இந்தச் செய்தியை, "வாடகைக்காரன் சாவியைச் சுவரில ஒட்டி வச்சிட்டுப் போயிருக்கான் மூத்தம்மா" என்று ஒரு பிள்ளை தன் மூத்தம்மாவுக்கு விளக்கியதாகக் கேள்விப்பட்டேன். அந்த உவமை என்னுடையதல்ல. அந்தப் பிள்ளையினுடையது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் இரண்டு பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

ஒன்று, எங்கள் பகுதியின் மூத்த கவிஞர் ஒருவரிடமிருந்து. நான் 'காக்கா' என்று அழைக்கும் உரிமையுள்ளவர். "தம்பி, நம்மட சனம் பட்ட பாட்டை எழுதவே ஒரு ஆயுள் காணாது. நீங்க நுளம்புக்குக் கவி கட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கடல்கோளையும் கண்ட மண்ணில் நின்று எழுதுகிறவர்கள் நாங்கள். ஆனால் நுளம்பும் எங்கள் சனம் பட்ட பாட்டிலே ஒரு பங்காளிதான். 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு போனது. அந்த நோய் நுளம்பு வழியாகப் பரவுகிறது என்பதற்கான முதல் பெரிய தடயத்தை 1897 ஓகஸ்ட் 20ஆந் திகதி செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்த றொனால்ட் றொஸ் ஒரு கவிஞரும் ஆவார். அந்த மகிழ்ச்சியில் அவர் செய்த காரியங்களில் ஒன்று, ஒரு கவிதை எழுதியது. நுளம்பின் வயிற்றை அறுத்துப் பார்த்த கையும் கவிதை எழுதிய கையும் ஒன்றேதான். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இல். இடையே கழிந்த காலம் முழுவதும் ஆரோ சிலர் குட்டைகளின் பக்கத்தில் குந்திக்கொண்டு குடம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தமிழிலும் இது புதிதல்ல என்று காக்காவிடம் சொன்னேன். ஈ ஒன்று மொய்த்ததால் மலைகளும் கடலும் உலகமும் ஆடிப்போனதாகக் காளமேகப் புலவர் பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. நடக்க முடியாத ஒன்றைப் பாடச் சொல்லி மடக்கப் பார்த்தவர்களுக்கு, ஒரு காயத்தின்மேல் ஈயை உட்கார வைத்து அவர் வழி கண்டார். அங்கேயும் சிரிப்புக்கு அடியில் ஒரு பார்வை இருக்கிறது: ஈ புண்ணைத் தேடி வரும். அமெரிக்காவில் 1916இல் டொன் மார்க்குவிஸ் என்ற பத்திரிகையாளர், இரவில் தட்டச்சுப் பொறியின் விசைகள்மேல் தலைகீழாகப் பாய்ந்து கவிதை எழுதும் ஒரு கரப்பொத்தானைப் படைத்தார். இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அமுக்க முடியாததால் அதற்குப் பெரிய எழுத்துகள் வராது. இதைக் கேட்டதும் காக்கா சிரித்து விட்டார். "நம்மட ஆக்கள்ல சிலபேரும் அப்படித்தான் எழுதுறாங்க" என்றார். பிறகு நான் அவருக்கு இதைச் சொல்லிக் காட்டினேன்:

ஐந்நூறு பிரதி அச்சடித்த நூலு,
ஐம்பது போச்சு, மிச்சம் எங்கே, கேளு;
விமர்சகர் யாரும் விரிச்சே பார்க்கல்ல,
கறையான் மட்டும் ஒருபக்கம் விடல்ல.

அவருடைய வீட்டு அலுமாரிக்கு அடியிலும் இரண்டு கட்டுகள் கிடந்தன. அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எங்கள் பள்ளிவாசலில் ஓதிக் கொடுக்கும் ஒரு மௌலவி, என்னைவிட இளையவர், அஸருக்குப் பிறகு என்னை நிறுத்தினார். "சேர், பிள்ளைகள் பாடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா அல்லாஹ்ட படைப்பை வச்சுப் பரிகாசம் செய்யலாமா எண்டு ஒரு யோசனை" என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. உண்மையாகவே யோசித்துக் கேட்டார். நான் கவிகளை எழுதியிருந்த கொப்பியை அவரிடமே கொடுத்து, "ஹஸ்ரத், வாசிச்சுப் பார்த்திட்டுச் சொல்லுங்க" என்றேன்.

மூன்று நாள் கழித்துக் கொப்பி திரும்பி வந்தது. அவரே ஒரு விடயத்தை ஞாபகப்படுத்தினார். எறும்பின் பெயரால் அமைந்த அத்தியாயத்தில், சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட எறும்பு ஒன்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு நபி புன்னகைக்கிறார்கள். புன்னகைத்த கையோடு அவர்களுடைய நாவில் வருவது நன்றியும் பிரார்த்தனையும். "அந்தச் சிரிப்பு இழிவான சிரிப்பில்லத்தானே சேர்" என்றார் மௌலவி. நுளம்பை உதாரணம் காட்ட இறைவன் வெட்கப்படுவதில்லை என்ற கருத்தும் சூரா பகராவில் வருகிறது என்றார். எறும்பையும் தேனீயையும் கொல்லத் தடை செய்யும் ஹதீஸையும் சொன்னார். பேசிய எறும்பு அரபியில் பெண்பாலில் வருகிறது என்பதையும் அவரே குறிப்பிட்டார். அந்தச் சொல்லின் வடிவமே பெண்பால் என்பதால் அது இலக்கணச் சங்கதிதான் என்று சொல்லி, அதற்குமேல் இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. கூட்டை விட்டு வெளியே இரை தேடித் திரியும் எறும்புகள் எல்லாமே பெண்கள்தான் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். இருவரும் மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். தலைக்குமேலே முசுறு கூடு கட்டிக்கொண்டிருந்தது.

நூலும் இல்லை, ஊசியும் இல்லை,
நுனியை நுனியோட தச்சுது இலை;
கைப்பிள்ளை வாயால நூலை எடுக்குறா,
காலையில பள்ளிக்கு ஆர்தான் அனுப்புறா?

முசுறு இலைகளை இழுத்துப் பிடித்ததும், வேறு சில வேலைக்கார எறும்புகள் குடம்பிகளை வாயில் கவ்விக்கொண்டு வருகின்றன. குடம்பியின் வாயிலிருந்து வருகின்ற பட்டு நூலால் ஓரத்தோடு ஓரத்தை ஒட்டுகின்றன. தனக்கென்று கூட்டுப்புழு உறை கட்ட வேண்டிய நூலைக் குடம்பி வீட்டுக்குக் கொடுத்து விடுகிறது. மௌலவி அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு காலமும் கடிக்கும் எண்டு மட்டும்தான் தெரியும்" என்றார். மறுவாரம் குர்ஆன் மதரஸாப் பிள்ளைகள் அந்த மரத்தடியில் வரிசையாக நிற்பதைக் கண்டேன்.

2017ஆம் வருடம் வந்தது. அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பிள்ளையின் ஜனாஸா போனது. நுளம்புக் கவிகளை அந்த நாட்களில் நான் வகுப்பில் எடுக்கவில்லை. மையித்து வீட்டுக்குக் கேட்கும் தூரத்தில் பாடக்கூடிய பாட்டு அல்ல அது. பிள்ளைகளும் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

தரம் 7இல் படித்த ஒரு பிள்ளைக்கும் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை இருந்து திரும்பி வந்தாள். வந்தவள் முந்திய பிள்ளையாக இல்லை. யன்னலோரத்தில் உட்கார மாட்டாள். பறக்கின்ற எதைக் கண்டாலும், அது வண்ணத்துப்பூச்சியாக இருந்தாலும், முகம் வெளிறி விடும். வீட்டில் பகலிலும் நுளம்பு வலைக்குள்தான் இருக்கிறாள் என்று உம்மா வந்து அழுதா. நான் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கிழமை சென்றிருக்கும். திருத்துவதற்கு வைத்த கொப்பிகளில் அவளுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

ஆஸ்பத்திரிக் கட்டிலில படுத்தன்,
அஞ்சாறு தரம் ரத்தம் கொடுத்தன்;
தாதியும் குத்தினா, நுளம்பும் குத்திச்சு,
நுளம்பு குத்தினது நோகாமப் போச்சு.

அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. தன்னைச் சாவின் வாசல் வரை கொண்டு போன ஒன்றைப் பற்றி அந்தப் பிள்ளை சிரித்திருக்கிறாள். சிரித்ததோடு, ஒரு உண்மையான கேள்வியையும் கேட்டிருக்கிறாள்: ஏன் நோகவில்லை? அவளுடைய அனுமதியோடு அதைக் கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பாடம் முழுவதும் நுளம்பின் வாயைப் பற்றியது. நாங்கள் ஒரே ஊசி என்று நினைப்பது உண்மையில் 6 மெல்லிய ஊசிகளின் கட்டு. சில ஊசிகள் தோலை அறுக்கின்றன, ஒன்று இரத்தம் உறையாமல் இருக்க உமிழ்நீரைச் செலுத்துகிறது, ஒன்று உறிஞ்சுகிறது. அவ்வளவு நுண்ணியதாக இருப்பதால் நமக்குத் தெரிவதற்குள் வேலை முடிந்து விடுகிறது. இதைப் பார்த்து நோகாத மருத்துவ ஊசி செய்ய ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் முயன்றிருக்கிறார்கள் என்று சொன்னபோது, அவள் எழுந்து, "அப்படியெண்டா அந்த ஊசியைக் கெதியாச் செய்யச் சொல்லுங்க சேர்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் பாடசாலையில் குடம்பி தேடும் குழுவுக்கு அவள்தான் தலைவி. பிற்பாடு உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். நாலு வரிதான் அவளை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். காலமும் உம்மாவும் மாற்றியிருப்பார்கள். ஆனால் வலைக்குள் இருந்து அவள் முதலில் வெளியே நீட்டியது அந்த நாலு வரியைத்தான்.

வயற்பூச்சி பற்றிய கவி வேறு விதமான விருந்தாளியைக் கொண்டு வந்தது.

அறக்கொட்டி வந்தெண்டு எண்ணெய் தெளிச்சம்,
அதைத்தின்னும் சிலந்தியைத் தான்முதல் முடிச்சம்;
காவல் காரனைக் கொன்று போட்டுக்
கள்ளனைத் தேட ரோச்சைப் பிடிச்சம்.

இதைக் கொப்பியில் கண்ட ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். வயல் செய்கிறவர். "சேர், எண்ணெய் அடிக்க வேணாம் எண்டு பிள்ளைக்குப் படிப்பிக்கிறீங்களாம். வட்டை கருகிப் போனாக் கடனை ஆரு கட்டுற?" என்றார். கோபம் நியாயமானது. அறக்கொட்டி பிடித்த வயல் நெருப்பு வைத்தது போலக் கருகுவதை நான் பார்த்திருக்கிறேன். கருகுகிற ஒவ்வொரு வரவைக்குள்ளும் அடகு வைத்த நகை ஒன்று இருக்கும்.

"அடிக்க வேணாம் எண்டு சொல்லல்ல காக்கா, அடிக்க முந்திக் குனிஞ்சு பாருங்க எண்டுதான் சொல்றன்" என்றேன். அறக்கொட்டி இலையில் இருப்பதில்லை. பயிரின் அடித்தண்டில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே இருந்து சாறு உறிஞ்சும். முட்டைகளைத் தண்டின் மடலுக்குள் செருகி வைக்கும். எண்ணெய் அந்த முட்டைகளைத் தொடுவதில்லை. வெளியே ஓடித் திரிகின்ற சிலந்திகளைத்தான் கொல்லும். முட்டை பொரித்து வரும்போது தின்ன ஆளில்லாததால் முந்தியதைவிடப் பெருகும். இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்து, 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடை செய்தது. இதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மகனின் கொப்பியை மறுபடி வாங்கி, "ரோச்சைப் பிடிச்சம்" என்ற இடத்தைத் தானே சத்தமாக வாசித்துச் சிரித்தார். அந்தப் போகத்தில் அவர் எண்ணெய் அடித்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. "வாப்பா பயிரை விரிச்சு விரிச்சுச் சிலந்தி எண்ணுறாரு சேர்" என்று மகன் வந்து சொன்னான். எனக்கு அது போதும்.

சிரிப்பும் அறிவும் ஒன்றாக இருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு நான் சாணி உருட்டி வண்டைக் காட்டுவேன். அது சாணத்தை உருண்டையாக்கி, மற்ற வண்டுகள் பறிப்பதற்கு முன் குவியலை விட்டு நேர்கோட்டில் உருட்டிக்கொண்டு ஓடும். நிலவில்லாத இரவிலும் கோடு பிசகாது. எப்படி என்று அறிய, ஆய்வாளர்கள் தென்னாபிரிக்காவில் வண்டுகளின் தலையில் மட்டையால் செய்த சின்னத் தொப்பிகளைப் போட்டுப் பார்த்தார்கள். வானம் மறைந்ததும் வண்டுகள் திசை தடுமாறின. பால்வீதியின் ஒளிப்பட்டையைப் பார்த்து அவை வழி பிடிக்கின்றன என்று 2013இல் வெளியிட்டார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கென்று வழங்கப்படும் இக் நோபல் பரிசு அதே வருடம் அவர்களுக்குக் கிடைத்தது. தொப்பி போட்ட வண்டைக் கேட்டதும் எந்த வகுப்பும் சிரிக்காமல் இருந்ததில்லை.

சாணத்தை உருட்டுது, சந்தையில விக்கவா?
வானத்தைப் பார்க்குது, வழிகேட்டு நிக்கவா?
நட்சத்திரம் பார்த்து நேர்கோட்டில் போகுது,
நாம போட்ட றோட்டோ நாலாய் வளையுது.

இதில் அவசரப்பட வேண்டிய ஒரு காரணமும் இருக்கிறது. ஜேர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 வருடங்களாகப் பொறி வைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் எடை முக்காற் பங்குக்கு மேல் குறைந்து விட்டதாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவ்வளவு காலம் ஆரோ எடை போட்டு வைத்ததால்தான் அது தெரிந்தது. எங்கள் வட்டைகளிலும் வளவுகளிலும் எது இருந்தது, எது போனது என்று சொல்வதற்கு முதலில் அவற்றைப் பெயர் சொல்லி அறிந்த கண்கள் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நான்கு பூச்சிப் பெயர் தெரியும். நான்கும் கொல்ல வேண்டியவற்றின் பெயர்கள். எங்கள் மூத்தம்மாமாருக்கு முப்பது தெரிந்திருந்தது. அந்தப் பெயர்கள் போவதற்கு முன்னர் அவற்றை ஒரு கவிக்குள் பிடித்து வைத்தால், பூச்சி போனாலும் ஆரோ ஒருவர் தேடுவார்.

ஆகவே, இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் கவிஞர்களிடம் ஒரு சிறு கோரிக்கை. காதலையும் மண்ணையும் எழுதி முடிந்த ஓர் இரவில் மேசை விளக்கைச் சுற்றி வருகிற ஒன்றைப் பாருங்கள். கால்களை எண்ணுங்கள். வாய் எப்படி இருக்கிறது, சிறகை எப்படி மடிக்கிறது என்று பாருங்கள். சிரிப்பு வருமட்டும் பாருங்கள். பிறகு நான்கு வரி எழுதி, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை உடனே கேட்கும், "அது எங்க இரிக்கு, காட்டுங்க" என்று. அப்போது காட்டுவதற்கு அந்தப் பூச்சி உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே எழுதி முடிக்கும் வரை செருப்பைத் தூக்க வேண்டாம்.